போலந்து இசைப் பதிவுகள்: எதை எடுப்பது, எதை விடுவது

போலந்து இசையைக் கேட்கத் தொடங்குகிறவர் "எந்தப் பதிவை எடுக்கலாம்?" என்று கேட்டால், "எதை எடுத்தாலும் நன்றாக இருக்கும்" என்று சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வருவதில்லை. ஒரே படைப்புக்குப் பத்துப் பதினைந்து பதிவுகள் கிடைக்கின்றன. பெரும்பாலானவை சுத்தமாக, ஒரு ஸ்வரம் பிசகாமல் வாசிக்கப்பட்டவை. ஆனால் அந்த இசை முளைத்த மண் அவற்றில் ஒட்டியிருக்காது. போலந்து இசையைப் பொறுத்தவரை அது சின்னக் குறை இல்லை. ஷோப்பன் நடு போலந்தின் மசோவியா கிராமங்களின் ஆட்டத்திலிருந்து எடுத்தார். ஷிமனோவ்ஸ்கி தாத்ரா மலைக்காரர்களின் பிடிலிலிருந்து எடுத்தார். குரெட்ஸ்கி தன் மூன்றாவது சிம்பொனியை முடிக்க தெற்கே இருக்கும் சிலேசியா பகுதியின் தாய் ஒருத்தியின் புலம்பலை எடுத்துக்கொண்டார். அதனால் பதிவுகளை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது, கிராமம் அதில் காதில் விழுகிறதா என்பதைத்தான். வாத்தியத்தின் தரமும் பதிவின் துல்லியமும் அதற்கு அப்புறம்.

தொடங்க ஏற்ற இடம் ஷோப்பனின் மசூர்க்காக்கள், அதாவது போலந்து நாட்டு ஆட்டத்தை வைத்து அவர் எழுதிய பியானோத் துண்டுகள். பெரும்பாலானவை இரண்டு முதல் நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரே துண்டை நான்கு பேர் வாசிப்பதை அடுத்தடுத்துக் கேட்கலாம். வித்தியாசம் உடனே பிடிபடும்.

மசூர்க்கா என்று மொத்தமாகச் சொன்னாலும் அதற்குள் மூன்று ஆட்டங்கள் கலந்திருக்கின்றன: ஏக்கத்தோடு மெதுவாகப் போகும் குயாவியாக், மிடுக்கான மசூர், ஜோடிகள் சுற்றிச் சுழலும் வேகமான ஓபெரெக். எல்லாமே மூன்று அடி. ஆனால் வால்ட்ஸைப் போல முதல் அடியில் அழுத்தம் வந்து உட்காராது. இரண்டாவதிலோ மூன்றாவதிலோ விழும், அடுத்த வரியில் இடம் மாறும். இன்னொன்று, மூன்று அடிகளும் ஒரே நீளம் இல்லை. ஒன்று நீளும், ஒன்று சுருங்கும். தாளில் மூன்று சம அடிகளாகத்தான் எழுத முடியும் என்பதால், எழுதாததையும் சேர்த்து வாசிப்பவர்தான் மசூர்க்கா வாசிப்பவர்.

ஷோப்பனிடம் பாடம் கேட்ட வில்ஹெல்ம் ஃபொன் லென்ஸ் எழுதிவைத்த ஒரு சம்பவம் உண்டு. லென்ஸ் ஓபஸ் 33-இன் (ஓபஸ் என்பது படைப்பு வரிசை எண்) மூன்றாவது மசூர்க்காவை வாசித்துக்கொண்டிருக்கும்போது உள்ளே வந்த இசையமைப்பாளர் மேயர்பேர், இது இரண்டு அடித் தாளம் என்றாராம். மூன்று அடிதான் என்று ஷோப்பன் கோபப்பட்டு, தானே உட்கார்ந்து, காலால் தட்டிக்காட்டி வாசித்தாராம். மேயர்பேர் அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. பியானோ கலைஞர் சார்லஸ் ஹாலே சொல்வதும் கிட்டத்தட்ட இதே செய்திதான்: ஷோப்பன் வாசித்த மசூர்க்காக்கள் ஹாலேயின் காதுக்கு நான்கு அடியாக விழுந்தன, ஹாலே எண்ணிக்காட்டிய பிறகு ஷோப்பன் சிரித்து, அது இந்த ஆட்டத்தின் நாட்டுத்தன்மை என்றாராம். தேர்ந்த காதுகளே மூன்றை இரண்டாகவும் நான்காகவும் எண்ணுகிற அளவுக்கு அந்த அடி நீண்டிருக்கிறது! இன்றைய பதிவுகளில் எத்தனையைக் கேட்டு நமக்கு அப்படி ஒரு குழப்பம் வரும்?

1824, 1825 கோடை விடுமுறைகளை ஷோப்பன் ஷஃபார்னியா என்ற கிராமத்தில் கழித்தார். ஊர்ப் பிடில்காரர்களையும் அறுவடைக் கொண்டாட்டப் பாட்டுகளையும் அங்கே நேரில் கேட்டார். 1830 நவம்பரில், இருபது வயதில், வார்சாவை விட்டுக் கிளம்பியவர் திரும்பி வரவே இல்லை. பாரிசில் இருந்துகொண்டு 1849-இல் சாகும்வரை மசூர்க்கா எழுதிக்கொண்டிருந்தார். ஐம்பதுக்கு மேல் இருக்கின்றன.

இப்போது பதிவுகளுக்கு வருகிறேன்.

போலந்தில் பிறந்த பியானோ கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைன் இந்த மசூர்க்காக்களை மூன்று முறை பதிவு செய்திருக்கிறார்: 1938-39-இல் லண்டனில், 1952-53-இல் ஆர்சிஏ நிறுவனத்துக்கு மோனோவில், 1965-66-இல் அதே நிறுவனத்துக்கு ஸ்டீரியோவில். கடைசியாக வந்தது 51 மசூர்க்காக்கள் அடங்கியது. உலகெங்கும் கடைகளிலும் பட்டியல்களிலும் முதலில் கண்ணில் படுவது அதுதான். அப்போது அவருக்கு வயது 78. ஒலி கண்ணாடி மாதிரி இருக்கும். நடை நிதானமானது, எதையும் துருத்திக் காட்டாமல், ஒரு பெரிய மனிதர் பழசை நினைத்துப் பேசுவதுபோல வாசிப்பார். மெதுவான மசூர்க்காக்களில் இந்தப் பதிவுக்கு ஈடு குறைவு. ஓபஸ் 17-இன் நான்காவது, ஏ மைனர், அவர் கையில் விரியும் விதத்தை இன்னொருவரிடம் நான் கேட்டதில்லை.

இருந்தாலும், ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் 1938-39-ஐத்தான் சொல்வேன். அதில் ரூபின்ஸ்டைன் ஐம்பதைத் தாண்டியவர், கையில் துள்ளல் அப்படியே இருக்கிறது. அடி நீள்வதும் சுருங்குவதும் அங்கே பயமில்லாமல் நடக்கிறது. ஓபஸ் 68-இன் மூன்றாவது மசூர்க்காவை எடுத்துக்கொள்ளுங்கள். எஃப் மேஜரில் அணிவகுப்புப்போலத் தொடங்கும். நடுவில் திடீரென்று இடது கையில் இரண்டு ஸ்வரம் மட்டும் சுருதிபோல ஒலிக்க, வலது கை உச்சத்தில் குழல் ஊதுவதுபோல ஒரு குட்டி மெட்டை வாசிக்கும். அந்த மெட்டில் வருவது பிரதி மத்திமம். நம் காதுக்குக் கல்யாணியின் சாயல் சட்டென்று தெரியும். மொத்தம் சில விநாடிகள்தான், உடனே பழைய மெட்டு வந்து மூடிவிடும். 1966-இல் ரூபின்ஸ்டைன் இந்த இடத்தை மென்மையாகத் தொட்டுவிட்டுப் போகிறார். 1939-இல் கதவைத் திறந்து வெளியே களத்துமேட்டுக்கே கூட்டிப்போய்விடுகிறார்.

பழைய பதிவு என்றால் இரைச்சல் இருக்கும். இந்த இசைத்தட்டுகள் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகள். பின்னால் பலர் அவற்றை மறுபதிவு செய்து வெளியிட்டிருக்கிறார்கள். இரைச்சலை அடியோடு துடைத்தெடுத்த பிரதிகளைத் தவிர்த்துவிடுங்கள். இரைச்சலோடு பியானோவின் மேல் ஸ்வரங்களின் கூர்மையும் போய்விடுகிறது. கொஞ்சம் சலசலப்பு இருக்கிற பிரதியே மேல். ஐந்து நிமிடத்தில் காது பழகிவிடும். இணையத்தில் தேடும்போது ஆண்டைக் கட்டாயம் பாருங்கள். ஒரே பெயரில் மூன்று தொகுப்பும் கலந்து கிடக்கும். அட்டைப்படத்தை நம்பவே கூடாது. முதல் தொகுப்பு இஎம்ஐ வழியாக வார்னரிடம் இருக்கிறது, மற்ற இரண்டும் ஆர்சிஏ வழியாக சோனியிடம். நடுத் தொகுப்பு கெட்டதில்லை. ஆனால் இரண்டு பக்கமும் இவ்வளவு வலுவாக இருக்கையில் அதைத் தனியாகத் தேட வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

ரூபின்ஸ்டைனையும் தாண்டி ஒருவர் உண்டு: இக்னாஸ் ஃபிரீட்மன். கிராக்கோவை ஒட்டிய போட்குஷே ஊரில் 1882-இல் பிறந்தவர். அவர் பதிவு செய்தது ஒரு கைப்பிடி மசூர்க்காக்கள்தான், பெரும்பாலும் 1930-இல். ஓபஸ் 33-இன் இரண்டாவது மசூர்க்கா, டி மேஜர், பலரும் வேகமான வால்ட்ஸாக ஓட்டிவிடும் துண்டு. ஃபிரீட்மன் கையில் இரண்டாவது அடி அவசரப்பட்டு முன்னால் வந்து விழுகிறது, மூன்றாவது தயங்கி நிற்கிறது, அடுத்த முதலடி குதிகாலை ஊன்றித் தரையில் இறங்குகிறது. மேயர்பேருக்கு ஏன் எண்ணிக்கை தப்பியது என்பது இந்தப் பதிவைக் கேட்டால் விளங்கும். முழுத் தொகுப்பு வேண்டுமென்பவருக்கு இது போதாது. மசூர்க்கா என்றால் என்ன என்று ஒரே மூச்சில் தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஒலித்தரம் ரூபின்ஸ்டைனின் பழைய பதிவைவிட ஒரு படி கீழே என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போலந்துக்காரர் வாசித்தால்தான் மசூர்க்கா என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வார்சாவின் ஷோப்பன் போட்டியில் மசூர்க்காவுக்கென்று போலந்து வானொலி தனிப் பரிசு கொடுக்கிறது. 1927-இல் நடந்த முதல் போட்டியிலிருந்தே இருக்கும் வழக்கம். 1955-இல் அந்தப் பரிசைப் பெற்றவர் சீனாவின் ஃபூ த்சோங். பிறந்த ஊர் இல்லாவிட்டாலும் காது போதும்.

பழைய பியானோவில் கேட்க ஆசைப்படுகிறவர்களுக்கு வார்சாவின் ஷோப்பன் நிறுவனம் வெளியிடும் வரிசை இருக்கிறது. 1848-இல் செய்த பிளெயெல், 1849-இல் செய்த எரார் பியானோக்களில் வாசித்தவை. ஒலி சீக்கிரம் அடங்கிவிடுவதால் ஆட்டத்தின் காலடி தெளிவாகக் கேட்கும். நல்ல இரண்டாவது தொகுப்பு. முதல் தொகுப்பாக நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது பியானோவே இல்லாத ஒரு பதிவு என்பது என் திடமான எண்ணம். யானுஷ் புருஷினோவ்ஸ்கியின் குழு 2008-இல் வெளியிட்ட, மசூர்க்காக்கள் என்றே பெயரிட்ட குறுந்தகடு. அவரும் நண்பர்களும் நடு போலந்தின் கிராமங்களுக்குப் போய், வயதான பிடில்காரர்களின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றவர்கள். பிடில், இரண்டு மூன்று தந்திகளோடு அடித்தொண்டையில் உறுமும் பாஸி, சலங்கை வைத்த கைமேளம், மரக்குழல். பாஸி மெட்டு எதுவும் வாசிக்காது. சுருதியையும் இழுப்பையும் மட்டும் கொடுக்கும். பிடில்காரர் அடியின் எல்லையை மதிக்காமல் வில்லை இழுத்துக்கொண்டே போவார். மேளம் நீங்கள் எதிர்பார்க்கும் இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னாலோ பின்னாலோ விழும். முதல் தடவை கேட்கும்போது இவர்கள் சேர்ந்து வாசிக்கிறார்களா என்று சந்தேகம் வரும். மூன்றாவது பாட்டுக்குள் கால் தானாகத் தட்டத் தொடங்கிவிடும். பழைய வழக்கப்படி ஆட வருகிறவர் வாத்தியக்காரர் முன்னால் நின்று ஒரு வரி பாடிக்காட்டுவார். அதே மெட்டைக் குழு எடுத்துக்கொள்ளும். அந்தப் பாடும் குரலும் தொகுப்பில் உண்டு. 2010-இலிருந்து வார்சாவில் நடக்கும் 'உலகின் எல்லா மசூர்க்காக்களும்' விழாவுக்குப் பின்னாலும் இவர்தான் இருக்கிறார்.

இதில் அரை மணி நேரம் செலவழித்துவிட்டு, கையோடு ஃபிரீட்மனையோ 1939 ரூபின்ஸ்டைனையோ போட்டுப் பாருங்கள். பியானோவின் இடது கையில் பாஸி உறுமும். இதே வரிசையில் மிகச் சுத்தமான ஏதோ ஒரு புதிய பதிவைப் போட்டால் அந்த உறுமல் அங்கே இருக்காது. எதை வாங்குவது என்பதற்கு அதற்கப்புறம் என் யோசனை உங்களுக்குத் தேவைப்படாது.

அடுத்த தலைமுறைக்கு வந்தால் கரோல் ஷிமனோவ்ஸ்கி. இருபது மசூர்க்காக்கள் கொண்ட அவருடைய ஓபஸ் 50, 1924-26-இல் எழுதியது. மசோவியாவின் ஆட்டத்தில் தாத்ரா மலையின் ஸ்வரங்களை ஏற்றியிருக்கிறார். கொஞ்சம் புளிப்பான இசை, உடனே இனிக்காது. பியானோ கலைஞர் மார்க்-ஆந்த்ரே ஹாமெலின் ஹைப்பீரியன் நிறுவனத்துக்குச் செய்த முழுப் பதிவு போதும், தேடி அலைய வேண்டாம். அதே மலையிலிருந்து வந்த பாலே ஹர்னாசிக்கு இரண்டு நல்ல பதிவுகள்: பர்மிங்ஹாம் குழுவோடு சைமன் ராட்டில், வார்சா ஃபில்ஹார்மோனிக்கோடு அந்தோனி வித். ராட்டிலின் வாத்தியக்குழு மினுமினுப்பானது, ஒவ்வொரு நிறமும் தனியாகத் தெரியும். மலைக்கொள்ளையர்கள் கலியாண வீட்டில் நுழைந்து பெண்ணைத் தூக்கிப்போகும் கதைக்கு எனக்கு வித்தின் முரட்டுத்தனமே பிடித்திருக்கிறது. அவருடைய கூட்டுக்குரல் பாடகர்கள் மலைக்காரர்களைப்போலத் தொண்டையைத் திறந்து பாடுகிறார்கள். மேலும் அது நாக்சோஸ் நிறுவன வெளியீடு, விலையும் குறைவு.

இன்னொரு போலந்து இசையமைப்பாளர் லூத்தோஸ்வாஃப்ஸ்கியின் வாத்தியக்குழுக் கான்செர்ட்டோ, 1954, ஒஸ்கார் கோல்பெர்க் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊர் ஊராகப் போய்ச் சேகரித்த மசோவிய மெட்டுகளில் கட்டியது. (அந்தக் கோல்பெர்க்கின் அண்ணன் வில்ஹெல்ம் ஷோப்பனின் பள்ளிக்கால நண்பர்.) இங்கே மெட்டு வெறும் செங்கல்தான், கட்டடம் முழுக்க இசையமைப்பாளருடையது, கிராமத்தைத் தேடிப் போகிறவருக்கு இது கடைசியாக வரட்டும். போலந்து வானொலிக் குழுவை லூத்தோஸ்வாஃப்ஸ்கியே நடத்திய, எழுபதுகளில் வந்த இஎம்ஐ பதிவு என் தேர்வு. நவீன ஒலி முக்கியம் என்பவர் எட்வர்ட் கார்ட்னர் நடத்தி சாண்டோஸ் நிறுவனம் வெளியிட்ட பதிவை எடுக்கலாம்.

தேர்வு உண்மையிலேயே கடினமாகிற இடம் ஹென்றிக் குரெட்ஸ்கியின் மூன்றாவது சிம்பொனி, சோகப் பாடல்களின் சிம்பொனி. 1976-இல் எழுதி, 1977-இல் பிரான்சின் ருவாயான் ஊரில் அரங்கேறியது. மூன்று பகுதி, மூன்று புலம்பல். முதலாவது பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, சிலுவையடியில் மரியாள். இரண்டாவது, 1944-இல் தாத்ரா மலையடி ஊரான சாக்கோபானேயில், நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோவின் சிறையில் அடைபட்டிருந்த பதினெட்டு வயதுப் பெண் ஹெலேனா சுவரில் எழுதிவைத்த வரிகள்: அம்மா, அழாதே என்று தொடங்குபவை. மூன்றாவது, சிலேசியக் கிளர்ச்சியில் மகனைப் பறிகொடுத்து, உடல்கூடக் கிடைக்காமல் தேடும் தாயின் நாட்டுப்பாட்டு. இந்த மூன்றாம் பகுதியைத் தொடங்கி ஊசல்போலப் போய்வரும் இரண்டு சுரக்கூட்டுகள், மேலே சொன்ன ஓபஸ் 17 ஏ மைனர் மசூர்க்காவின் தொடக்கத்திலிருந்து எடுத்தவை. மசூர்க்காவைப் பழகிவிட்டு வருகிறவருக்கு அந்த இடம் அதிரும்.

உலகம் முழுக்க வீடுகளுக்குள் போனது டேவிட் ஸின்மன் நடத்தி டான் அப்ஷா பாடி, நான்ஸச் நிறுவனம் வெளியிட்ட பதிவு. 1991-இல் பதிவாகி 1992-இல் வந்தது. பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பிரிட்டனின் பாப் பட்டியலில் ஆறாம் இடம்வரை ஏறியது. அதற்குத் தகுதியும் உண்டு: அப்ஷாவின் குரல் வெளிச்சம் மாதிரி, இரண்டாம் பகுதியில் அந்தப் பதினெட்டு வயது அப்படியே கேட்கிறது. லண்டன் சின்ஃபொனியேட்டாவின் தந்தி வாத்தியங்கள் ஒரு பிசிறில்லாமல் ஒலிக்கின்றன. மூன்றாம் பகுதிக்கு வரும்போதுதான் எனக்குக் குறை தெரிகிறது. அங்கே பாடுகிறவள் கிராமத்து வயதான தாய். "பொல்லாத மனுசங்களே, என் மகனை ஏன் கொன்னீங்க?" என்று கேட்கிறவள். அப்ஷா அதையும் அதே அழகோடு பாடுகிறார். துக்கம் இருக்கிறது, ஆங்காரம் இல்லை.

அரங்கேற்றத்தில் பாடிய ஸ்தெஃபானியா வொய்தோவிச் இதற்கு நேர் எதிர். யெஜி கத்லேவிச் நடத்த 1978-இல் அவர் பதிவு செய்ததில் குரல் அகலமாக அதிர்கிறது, வயது தெரிகிறது. முதல் பகுதிக்கும் மூன்றாம் பகுதிக்கும் அது பொருந்துகிறது. நடுவில் இருக்கும் சிறைப் பெண்ணுக்குப் பொருந்தவில்லை. ஒலியும் இன்றைய காதுக்குச் சற்று மங்கல்.

என் தேர்வு இரண்டுக்கும் நடுவே நிற்கும் பதிவு: ஸோஃபியா கிலனோவிச் பாடி, அந்தோனி வித் நடத்தி, நாக்சோஸ் வெளியிட்டது. வாசிப்பது கத்தோவிசேயில் இருக்கும் போலந்து தேசிய வானொலிக் குழு. குரெட்ஸ்கி வாழ்ந்ததும் கற்பித்ததும் அதே ஊர், பாட்டு பிறந்ததும் அதே சிலேசியா. கிலனோவிச் சிலேசியப் பேச்சுவழக்கின் மெய்யெழுத்துகளை மழுப்புவதில்லை. கேள்வி கேட்கும் வரியில் சொற்கள் பல்லுக்கிடையில் கடிபடுகின்றன. பிறகு, பறவைகளே அவனுக்காகப் பாடுங்கள் என்று வரும் இடத்தில் குரல் தளர்ந்து திறக்கிறது. தந்தி வாத்தியங்கள் லண்டன் குழுவளவு வழுவழுப்பாக இல்லை. அந்தச் சொரசொரப்பு எனக்கு வேண்டியிருக்கிறது.

பாப் பாடகி பெத் கிபன்ஸ், போலந்து இசையமைப்பாளர் பெண்டெரெட்ஸ்கி நடத்த 2014-இல் வார்சாவில் பாடியதும் 2019-இல் வெளிவந்திருக்கிறது. பயிற்சி பெற்ற சோப்ரானோ (உச்சக்குரல் பாடகி) இல்லை, போலந்து மொழியும் அவருடையதில்லை. உச்ச ஸ்வரங்களில் குரல் இழுபடுகிறது. அந்தச் சிரமமே உண்மையாக ஒலிக்கும் இடங்களும் உண்டு. வேறொரு பதிவை நன்றாகப் பழகிய பிறகு கேட்க வேண்டியது.

எந்தப் பதிவானாலும் கைபேசியின் ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். முதல் பகுதி டபுள் பாஸின் அடிமட்டத்தில், மிகத் தணிந்து தொடங்குகிறது. அது அந்தச் சின்ன ஒலிபெருக்கியில் கேட்கவே கேட்காது. ஒலியைக் கூட்டி வைத்தால், தந்திகள் ஒவ்வொரு குரலாக அடுக்கிக்கொண்டு உச்சிக்கு வரும்போது காது பொறுக்காது. நல்ல ஹெட்ஃபோன் போட்டு, தொடக்கத்தில் கூட்டாமல் பொறுமையாக இருங்கள். மொத்தம் ஐம்பது நிமிடத்துக்கு மேல் போகும். ஒரே அமர்வில் முடியாதென்றால் மூன்றாம் பகுதியை மட்டும் தனியாகக் கேட்கலாம், ஆனால் முதல் பகுதியை நடுவில் நிறுத்த வேண்டாம்.